அச்சடிக்காமலே ஸ்கேன் காப்பி: பிடிஎஃப்பைப் படப் பக்கமாக்கும் செய்முறை

“ஸ்கேன் காப்பிதான் கேக்காவ” என்று ஒருவர் பென் டிரைவோடு வந்து நின்றால், நாகர்கோவில் கோர்ட் ரோட்டிலும் சரி, மார்த்தாண்டம், தக்கலைக் கடைகளிலும் சரி, நடப்பது ஒன்றுதான். பிடிஎஃப்பைத் தாளில் அச்சடிக்கிறார்கள். அந்தத் தாளை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கிறார்கள். வரும் படத்தை மறுபடி பிடிஎஃப் ஆக்குகிறார்கள். கணினியில் இருந்ததைக் கணினிக்கே கொண்டுவர நடுவில் ஒரு கட்டுத் தாள் போகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டம் இது. பிரித்து வைத்த தாள் கட்டு ஈரம் இழுத்து ஓரம் சுருளும்; ஸ்கேனரின் தானியங்கி ஊட்டியில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும். விடுபட்ட பக்கம் எது என்பது விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

இந்தச் சுற்று முழுவதையும் கணினிக்குள்ளேயே முடித்துவிடலாம். கீழே உள்ளது உபுண்டு லினக்ஸில் செய்யும் முறை. விண்டோஸில் மாறுகிற இடங்கள் கடைசியில் இருக்கின்றன.

முதலில், எதற்கெல்லாம் இதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொருவர் கையெழுத்தையோ அலுவலக முத்திரையையோ வெட்டி ஒட்டி, அசல் தாளை ஸ்கேன் செய்ததுபோல் காட்டுவது போலி ஆவணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். “அசலை ஸ்கேன் செய்து அனுப்புக” என்று தெளிவாகக் கேட்டிருந்தால் அசலைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். இ-சேவை வழியாக வரும் வருமானச் சான்று, சாதிச் சான்று, பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று போன்றவை டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகின்றன. அந்தக் கையொப்பம் கோப்பின் பைட்டுகளோடு கட்டப்பட்டது. பக்கத்தைப் படமாக்கிய நொடியில் அது போய்விடும். மிஞ்சுவது பச்சை டிக்கின் ஓவியம் மட்டும். ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இது உண்மையிலேயே உதவுகிற இடங்கள் வேறு. ஆவண எழுத்தர் அலுவலகங்களில் இன்னும் வானவில், பாமினி வகை எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உண்டு. எழுத்துரு உள்ளே பதியாத பிடிஎஃப்பை வேறு கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். படமாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆதார் எண்ணின் முதல் 8 இலக்கங்களை மறைப்பது இன்னொன்று. வேர்டில் கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்தால் எண் அடியில் அப்படியே கிடக்கும்; தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். படமான பக்கத்தில் அடியில் எதுவும் இருக்காது. பழைய தாளும் புதிய கோப்பும் கலந்த கட்டு மூன்றாவது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்கேனர் பக்கத்துக்கு என்ன செய்கிறது

கணினி ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக வைக்கிறது. அதில் உருவான பக்கத்தில் வெள்ளை என்றால் 255, கறுப்பு என்றால் 0. ஸ்கேனரிலிருந்து வருவது அப்படி இருக்காது. தாள் 240, 245 என்று லேசாக மங்கியிருக்கும். டோனர் கறுப்பு 30 வாக்கில் நிற்கும். வரிகள் அரை டிகிரி சாய்ந்திருக்கும், எழுத்தின் விளிம்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இவை போக, உணரியின் மணல்மணலான இரைச்சலும் சிறிது சேரும்.

இணையத்தில் சுற்றும் குறுங்கட்டளைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி ஒன்றைத்தான் வாரி இறைக்கின்றன. கண்ணுக்கு ஸ்கேன் தோற்றம் தருவதில் அதன் பங்கு மிகக் குறைவு, கோப்பைப் பெரிதாக்குவதில் அதன் பங்குதான் மிக அதிகம். ஜேபெக் சுருக்கம் சீரான பரப்பைத்தான் நன்றாகச் சுருக்கும். ஒழுங்கற்ற புள்ளிகளை அதனால் சுருக்க முடியாது. இரைச்சலைக் கால் பங்கு வைத்தாலே கோப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தாளின் மங்கல், சாய்வு, மெத்தென்ற விளிம்பு மூன்றும் சரியாக அமைந்தால் இரைச்சல் தேவையே இல்லை.

தேவையான மென்பொருள்

பிடிஎஃப்பைப் படமாக்க பாப்ளர் யுட்டில்ஸ், படத்தை மாற்ற இமேஜ்மேஜிக், படங்களைத் திரும்பப் பிடிஎஃப்பாகச் சேர்க்க ஐஎம்ஜி-டூ-பிடிஎஃப். மூன்றும் இலவசம், உபுண்டுவின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே கிடைக்கும். இமேஜ்மேஜிக் ஒன்றே பிடிஎஃப்பைத் திறந்து, மாற்றி, திரும்ப எழுதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் இரண்டு தடைகள் உண்டு. பிடிஎஃப்பைத் திறக்க இமேஜ்மேஜிக் நம்பியிருப்பது கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளை. 2018-இல் அதில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பிறகு, உபுண்டு தன் இமேஜ்மேஜிக்கில் பிடிஎஃப்பைத் தொடவே தடை போட்டது. பாலிசி கோப்பில் அனுமதி ‘நன்’ (எதுவும் இல்லை) என்று இருக்கும். அதைத் திருத்தித் திறந்துவிடுங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வெளியார் கொண்டுவரும் கோப்புகளைத் திறக்கிற கடைக் கணினியில் அந்தத் தடை இருப்பதே நல்லது. இரண்டாவது தடை நினைவகம். நாற்பது பக்கத்தை ஒரே கட்டளையில் கொடுத்தால் ‘கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்’ என்று பாதியில் நின்றுவிடும். பாப்ளரால் பக்கம் பக்கமாகப் படமாக்கி, ஒவ்வொன்றாக இமேஜ்மேஜிக்கில் ஓட்டினால் இரண்டு தடையும் வராது.

படமாக்குதல்

முதலில் ‘பிடிஎஃப் இன்ஃபோ’ கட்டளையால் பக்க அளவைப் பாருங்கள். ஏ4 என்றால் 595 × 842 பாயின்ட் என்று காட்டும். 612 × 792 என்று வந்தால் அது அமெரிக்க லெட்டர் அளவு. வேர்டில் தாள் அளவை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து ‘பிடிஎஃப் ஃபான்ட்ஸ்’. அதில் ‘எம்ப்’ என்ற பத்தியில் ‘நோ’ என்று வரும் எழுத்துரு, கோப்புக்குள் பதியவில்லை. அந்தக் கோப்பை அது தட்டச்சான கணினியிலேயே படமாக்க வேண்டும், அல்லது எழுத்துருவைப் பதித்து மறுபடி பிடிஎஃப் எடுத்து வாங்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஓட்டினால் எழுத்துக் குப்பையே படமாக உறைந்துவிடும்.

இ-ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்கும்: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு. பாப்ளர் கட்டளையில் பயனர் கடவுச்சொல் விருப்பத்தில் அதைக் கொடுத்துவிடலாம்.

படமாக்கும் கட்டளை ‘பிடிஎஃப்-டூ-பிபிஎம்’. அடர்த்தி 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி), வடிவம் பிஎன்ஜி, நிறம் வேண்டாமென்றால் ‘கிரே’. ஏ4 பக்கம் 1654 × 2339 பிக்சலாக வரும். பிஎன்ஜி என்று சொல்லாமல் விட்டால் பிபிஎம் வடிவில் வரும். அதில் டிபிஐ தகவல் சேமிக்க இடமே கிடையாது. அதன் பலன் கடைசியில் தெரியும்: பக்க அளவைச் சொல்லாமல் பிடிஎஃப் கட்டினால் மென்பொருள் 96 டிபிஐ என்று தானே எடுத்துக்கொண்டு, ஏ4 பக்கத்தை ஏ2-வை விடப் பெரிய தாளாக ஆக்கி வைக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சடிக்கும்போது ஒரு மூலை மட்டும் வந்து நிற்கும்.

பக்க எண்களைப் பாப்ளர் 01, 02 என்று சுழியம் சேர்த்தே கொடுக்கும். வேறு கருவியில் 1, 2 என்று எடுத்திருந்தால், சேர்க்கும்போது 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். கிரைய ஆதாரத்தில் (விற்பனைப் பத்திரத்தில்) சொத்து விவரம் சாட்சிக் கையெழுத்துக்குப் பின்னால் போயிருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

சாய்வு, தாள் நிறம், மென்மை: எந்த வரிசையில்

வரிசை மாறினால் பலன் மாறும். சரியான வரிசை: சாய்த்தல், வெட்டுதல், தாள் நிறம், இரைச்சல் (வேண்டுமென்றால்), மென்மை, ஜேபெக்.

பின்னணியை வெள்ளையாக வைத்து ‘ரொட்டேட்’ கொடுக்க வேண்டும். அளவு 0.3 முதல் 0.6 டிகிரி போதும். அரை டிகிரி என்றால் ஏ4 தாளின் நீளத்துக்கு 2.6 மில்லிமீட்டர் விலகல். ஒரு டிகிரி வைத்தால் 5.2 மில்லிமீட்டர், தாளை அவசரத்தில் போட்டதுபோல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தாலும் செயற்கையாகத் தெரியும். கட்டளைகளை அடிக்கிற பாஷ் ஷெல்லில் ‘ராண்டம்’ மாறி 0 முதல் 32767 வரை ஓர் எண் தரும். அதை 13-ஆல் வகுத்து மீதியை எடுத்து, 6 கழித்து, 10-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் −0.6 முதல் +0.6 வரை ஒரு சாய்வு கிடைக்கும். ஷெல் தசமம் போடாது. கடைசி வகுத்தலை ‘ஆக்’ என்ற கட்டளையிடம் கொடுத்துவிட வேண்டும்.

சாய்த்த படம் கொஞ்சம் பெரிதாகும், 1674 × 2353 வாக்கில். ‘கிராவிட்டி சென்டர்’, ‘எக்ஸ்டென்ட் 1654x2339’ கொடுத்து நடுவிலிருந்து பழைய அளவுக்கு வெட்டுங்கள். ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போகும். சாதாரணக் கடிதத்தில் இது பொருட்டல்ல. தாளின் விளிம்பை ஒட்டிச் சித்திரக் கட்டம் உள்ள சான்றிதழ் என்றால், சாய்ப்பதற்கு முன் 97 சதவீதமாகச் சுருக்கிக்கொண்டால் கட்டம் தப்பிக்கும்.

அடுத்து ‘லெவல்’. கூட்டல் குறியோடு எழுத வேண்டும். கழித்தல் குறி போட்டால் நேர் எதிராக வேலை செய்து பக்கத்தை இன்னும் பளிச்சென்று ஆக்கிவிடும். 12%, 96% என்று கொடுத்தால் கறுப்பு 30-க்கு ஏறும், வெள்ளை 245-க்கு இறங்கும். இதைச் சாய்ப்பதற்கு முன்பே செய்துவிட்டால், சாய்த்தபின் நான்கு மூலையிலும் தூய வெள்ளை முக்கோணங்கள் தெரியும். கணினி வேலை என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த முக்கோணங்கள்தான்.

இரைச்சல் வேண்டும் என்றே நினைத்தால் ‘அட்டென்யூவேட் 0.1’, அதற்குப் பிறகு ‘காஸியன்’. அட்டென்யூவேட் முன்னால் வராவிட்டால் அது கணக்கில் சேராது, முழு அளவு இரைச்சல் கொட்டிவிடும். நிறப் பக்கத்தில் இரைச்சல் சேர்த்தால் சிவப்பு, பச்சை, நீலப் பொடி தூவியதுபோல் வரும். ஸ்கேன் காப்பி அப்படி இருக்காது, இருட்டில் எடுத்த செல்போன் படம்தான் அப்படி இருக்கும். நிறப் பக்கங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள். மென்மையை, அதாவது ‘பிளர் 0x0.4’ என்பதை, இரைச்சலுக்குப் பிறகு வைத்தால் புள்ளிகள் கொஞ்சம் கரைந்து கோப்பும் சற்றுச் சிறிதாகும்.

நீல மையில் கையெழுத்தும் ஊதா முத்திரையும் உள்ள பக்கத்தைக் கிரே ஆக்க வேண்டாம். பார்ப்பவருக்கு ஜெராக்ஸ் காப்பியாகத் தெரியும், நிறக் காப்பி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நிறத்திலேயே வைத்து ‘மாடுலேட் 100,80’ கொடுத்தால் திரையின் பளபளப்பு குறைந்து மை போன்ற நிறம் வரும்.

கடைசியாக ‘குவாலிட்டி 65’ வைத்து ஜேபெக். பிறகு ஐஎம்ஜி-டூ-பிடிஎஃப்-இல் பக்க அளவு ஏ4 என்று குறிப்பிட்டு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். இது ஜேபெக்கைத் திரும்பச் சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும். சேர்த்து முடித்த பின் கோஸ்ட்ஸ்கிரிப்டின் ‘ஈபுக்’ அமைப்பில் இன்னொரு முறை ஓட்டுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அது படத்தை இறக்கி இரண்டாவது தடவை ஜேபெக் ஆக்குகிறது. தமிழ் எழுத்து தாங்காது.

புள்ளி போகாமல் பார்த்துக்கொள்ளுதல்

ஆங்கிலக் கோப்புக்காக எழுதிய அளவுகளைத் தமிழுக்கு அப்படியே போட முடியாது. 12 பாயின்ட் எழுத்தின் உயரம் 200 டிபிஐ-யில் 33 பிக்சல், 150-இல் 25, 100-இல் 17. மெய்யெழுத்தின் புள்ளி இதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். 100 டிபிஐ-யில் அது இரண்டு பிக்சல்கூட இல்லை. மேலே மென்மையும், குறைந்த தர ஜேபெக்கும் சேர்ந்தால் புள்ளி தாள் நிறத்தோடு கரைந்துவிடும். ‘முத்து’ ‘முதது’ ஆகும். காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். ‘கி’, ‘கீ’ இரண்டுக்கும் உள்ள சுழி வித்தியாசம் அடைபடும். இதைவிட ஆபத்தானது சர்வே எண். உட்பிரிவு 3 என்பது 8 போலத் தெரிந்தால் சொத்தே மாறிப் போகும்.

நடைமுறையில் வைத்துக்கொள்ள வேண்டிய எல்லைகள்: தமிழ் உரைக்கு கிரேயில் 150 டிபிஐ-க்குக் கீழே போகக் கூடாது, 10 பாயின்ட் எழுத்துள்ள பக்கத்துக்கு 200. ஜேபெக் தரம் 50-க்குக் கீழே வேண்டாம். பிளர் 0.5-ஐத் தாண்டக் கூடாது. சாய்வு தன் பங்குக்கு ஏற்கெனவே கொஞ்சம் மங்கலாக்கியிருக்கிறது. செய்து முடித்ததும் 200 சதவீதம் பெரிதாக்கி, பக்கத்திலேயே மிகச் சிறிய எழுத்துள்ள இடத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் அட்டவணையாகவோ அடிக்குறிப்பாகவோ இருக்கும்.

அளவு வரம்பு

இணையதளம் 200 கேபி, 500 கேபி, 1 எம்பி என்று வரம்பு வைக்கும்போது பலரும் முதலில் டிபிஐ-யில் கை வைக்கிறார்கள். கை வைக்க வேண்டிய வரிசை வேறு: முதலில் இரைச்சலை எடுங்கள், அடுத்து நிறத்தைக் கிரே ஆக்க முடியுமா பாருங்கள், பிறகு தரத்தை 65-லிருந்து 50-க்கு இறக்குங்கள். டிபிஐ கடைசி. இமேஜ்மேஜிக்கில் ‘ஜேபெக் எக்ஸ்டென்ட்’ என்று வரையறுத்து 150 கேபி கொடுத்தால், அந்த அளவுக்குள் அடங்கும் தரத்தை அதுவே தேடி வைக்கும். ஆனால் என்ன தரத்தில் வைத்தது என்று பார்க்காமல் விட்டால், 25-க்குக்கூட இறக்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

வெறும் தட்டச்சு உரை மட்டுமே உள்ள பிரமாணப் பத்திரம், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு கிரே வழியையே விட்டுவிடலாம். 300 டிபிஐ-யில் கிரேயாக எடுத்து, சாய்த்து, ‘த்ரெஷோல்ட் 60%’ கொடுத்து ஒரு பிட் கறுப்பு வெள்ளையாக்கி, ‘குரூப் 4’ சுருக்கத்தில் டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். சுருக்காவிட்டால் ஒரு பக்கம் 1.09 எம்பி, சுருக்கியபின் சாதாரண உரைப் பக்கம் சில பத்துக் கேபிக்கு இறங்கிவிடும். 150 டிபிஐ கிரேயைவிடக் கோப்பு சிறியது, புள்ளியும் கூர்மையாக நிற்கும். புள்ளி மெலிந்தால் 60-ஐ 65, 70 என்று உயர்த்துங்கள், கோடு தடிக்கும். இந்த வழியில் இரைச்சல் துளியும் கூடாது, ஒவ்வொரு துகளும் கறுப்புப் பொட்டாகிவிடும். தாள் நிறம் வராது, நல்ல ஜெராக்ஸ் போலத்தான் இருக்கும். உரைக்கு அதுவே போதும்.

கியூஆர் உள்ள பக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் கட்டத்தில் 57 × 57 சதுரம் உள்ள குறி, 150 டிபிஐ-யில் சதுரத்துக்கு 2.6 பிக்சல்தான் பெறும். சாய்வும் மென்மையும் சேர்ந்தால் செல்போன் படிக்காது. 300-இல் 5.2 கிடைக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் 300-இல் எடுத்து, சாய்வை 0.2-க்குக் குறைத்து, மென்மையை விட்டுவிட்டு, முடித்தபின் திரையில் வைத்தே செல்போனால் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய ஆதாரமும் புதிய கோப்பும் ஒரே கட்டில்

1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தக் காலத்து ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். வங்கிக் கடனுக்கோ சட்டக் கருத்துக்கோ போகும் கட்டில் மலையாள ஆதாரத்தின் ஸ்கேன், அதன் தமிழ் மொழிபெயர்ப்பு, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் கலந்து வரும். ஒரு பக்கம் பழுப்பு, அடுத்தது கண்கூசும் வெள்ளை, ஒன்று நீளத் தாள், ஒன்று ஏ4 என்றிருந்தால் அச்சடிக்கும்போது தாறுமாறாகும்.

உண்மையான ஸ்கேனில் கை வைக்கக் கூடாது. சாய்வோ நிறமோ சேர்க்காதீர்கள், அது சாட்சியாகப் போகிற பொருள். கணினியில் உருவான மொழிபெயர்ப்புப் பக்கங்களை மட்டும் மேலே சொன்னபடி மாற்றி, தாள் நிறத்தை ஸ்கேனோடு ஒத்துப்போகும்படி 96-லிருந்து 94, 93 வரை இறக்கலாம். நீளத் தாளான லீகல் அளவு 200 டிபிஐ-யில் 1700 × 2800 பிக்சல். எக்ஸ்டென்ட் எண்ணை அதற்கேற்ப மாற்றாவிட்டால் அடியில் உள்ள கையெழுத்து வெட்டுப்படும். வில்லங்கச் சான்றின் டிஜிட்டல் கையொப்பமுள்ள மூலத்தைத் தனி இணைப்பாகவே அனுப்புங்கள்.

கட்டில் பெயர் தேட வசதி வேண்டுமென்றால், கடைசியில், படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் (ஓசிஆர்) மென்பொருளான ஓசிஆர்-மை-பிடிஎஃப் ஓட்டி, அது பயன்படுத்தும் டெசராக்டின் தமிழ், ஆங்கிலத் தரவுகளைக் கொடுத்தால் படத்தின் அடியில் தேடக்கூடிய எழுத்து வரும். மலையாளத் தரவும் உண்டு, ஆனால் பழைய கையெழுத்து ஆதாரத்தை அது படிக்காது. ‘டெஸ்க்யூ’ விருப்பத்தைத் தொட வேண்டாம், கஷ்டப்பட்டு வைத்த சாய்வை நிமிர்த்திவிடும். எண்ணை மறைத்த கோப்பு என்றால், ஓசிஆருக்குப் பிறகும் மறைத்த இடத்தில் எழுத்து எதுவும் வரவில்லை என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சரிபார்ப்புக்கு மூன்று கட்டளை. ‘பிடிஎஃப் இன்ஃபோ’ பக்க எண்ணிக்கையையும் அளவையும் காட்டும். ‘பிடிஎஃப் ஃபான்ட்ஸ்’ வெறுமையாக வர வேண்டும். ‘பிடிஎஃப் இமேஜஸ்’ பட்டியலில் பக்கத்துக்கு ஒரு படம், அதன் டிபிஐ 200. ஓசிஆர் ஓட்டிய கோப்பில் மட்டும் ஓர் எழுத்துரு தெரியும், அது சரிதான். கோப்பை உருவாக்கிய மென்பொருளின் பெயர் பண்புகளில் நிற்கும்; அதை மாற்றி ஸ்கேனர் பெயர் எழுதுவது இந்த வேலையில் சேராது.

விண்டோஸில்

‘கன்வர்ட்’ என்று அடித்தால் விண்டோஸ் தன் சொந்த வட்டு மாற்றும் கருவியைத் திறக்கும். ‘மேஜிக்’ என்று தொடங்க வேண்டும். பிடிஎஃப்பை இமேஜ்மேஜிக்கே திறக்க வேண்டுமென்றால் கோஸ்ட்ஸ்கிரிப்டைத் தனியாக நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் ‘ஜிஎஸ்வின்64சி’ கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அடர்த்தி எண்ணைக் கோப்புப் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். பின்னால் எழுதினால் 72 டிபிஐ-யில் திறந்துவிட்டு, எண்ணை மட்டும் மாற்றி ஒட்டும். கட்டளைகளை ஒன்றாக எழுதி ஓட்டும் பேட்ச் கோப்பில் வைத்தால் 12% என்பதில் சதவீதக் குறியை இரட்டையாக அடிக்க வேண்டும். ஒற்றையாக இருந்தால் விண்டோஸ் அதை விழுங்கிவிடும், லெவல் சதவீதமாக வேலை செய்யாது. கட்டளையே வேண்டாம் என்பவர் அடோபி ரீடரில் அச்சிடும் சாளரத்தின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ தேர்ந்து, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டூ பிடிஎஃப்-க்கு அனுப்பலாம். சாய்வும் தாள் நிறமும் வராது, எழுத்துருச் சிக்கலும் மறைந்த எழுத்தும் மட்டும் தீரும்.